அரிசோனாவில் முதல் கோடை: புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு

சாண்ட்லரில் வேலையோ, டெம்பியிலோ டூசானிலோ படிக்க இடமோ கிடைத்துக் கிளம்புகிறவர்களிடம் அரிசோனா வெயிலைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், “வேலூர்க்காரன்கிட்டயே வெயிலா?” என்று சிரிப்பார்கள். நம்மூர்ப் பத்திரிகைகளில் வெயில் ‘சதமடித்தது’ என்று போடுவார்களே, அந்த நூறு டிகிரி (ஃபாரன்ஹீட்; இங்கே சொல்லும் டிகிரி எல்லாம் அதுதான்) ஃபீனிக்ஸில் 2024-இல் தொடர்ந்து 113 நாள் அடித்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாள், ஒரு நாளும் தப்பாமல், 110 டிகிரியைத் தொட்டது அல்லது தாண்டியது. செல்சியஸ் கணக்கில் 43-க்கு மேல். 2023-இல் ஃபீனிக்ஸ் அடங்கிய மரிகோப்பா கவுண்டியில் மட்டும் வெப்பம் தொடர்பான சாவுகள் 645. அவர்களில் தெருவில் வாழ்ந்தவர்கள் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களும் உண்டு. அவர்களில் பலர் வீட்டில் ஏசி இருந்தது, ஓடவில்லை.

இன்னொரு நம்பிக்கையையும் நாம் ஊரிலிருந்து கொண்டு வருகிறோம்: மழை வந்தால் சூடு தணியும், மழை தலைக்கு மேலே பெய்தால்தான் வெள்ளம் வரும். இரண்டுமே இங்கே எடுபடாது. இங்கே மழை மலையில் பிறக்கிறது. நீங்கள் வெயிலில் நின்றுகொண்டிருக்கும் இடத்துக்கு வெள்ளம் மட்டும் தனியாக வந்து சேரும்.

முதலில் பருவத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை மான்சூன் காலம் என்று தேசிய வானிலைச் சேவை 2008 முதல் தேதி குறித்து வைத்திருக்கிறது. அதற்கு முன்பு, காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டும் பனிநிலையை, அதாவது ‘டியூ பாயின்ட்’டைப் பார்த்துச் சொல்வார்கள்: மூன்று நாள் தொடர்ந்து சராசரி டூசானில் 54 டிகிரி, ஃபீனிக்ஸில் 55 டிகிரி இருந்தால் பருவம் பிறந்ததாகக் கணக்கு. தேதியை விட அந்தப் பழைய கணக்குதான் அன்றாடத்துக்கு உதவும். வானிலைச் செயலியில் வெப்பநிலைக்குக் கீழே டியூ பாயின்ட் இருக்கும். அது ஐம்பதுகளின் நடுவைத் தாண்டினால் மாலையில் வானத்தைக் கவனியுங்கள்.

ஜூன் மாதம் எலும்பு காயும் வறட்சி. ஜூலை முதல் வாரம் வாக்கில் மேலே உள்ள உயரழுத்தம் வடக்கே நகர்கிறது, காற்று தெற்கிலிருந்து திரும்புகிறது, மெக்சிகோ பக்கமிருந்தும் கலிஃபோர்னியா வளைகுடாவிலிருந்தும் ஈரம் ஏறி வருகிறது. காலையில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். பதினொரு மணிக்கு மலை உச்சிகளில் வெள்ளை மேகம் முளைக்கும். இரண்டு மணிக்கு அதன் அடிப்பாகம் கறுக்கும். டூசானில் இருந்தால் வடக்கே சாண்டா காட்டலினா மலையில் சாம்பல் திரை தொங்குவது கண்ணுக்குத் தெரியும். உங்கள் தெருவில் ஒரு சொட்டு விழுந்திருக்காது. ஃபீனிக்ஸ்காரர்கள் வடகிழக்கே மொகையோன் விளிம்பு என்ற மேட்டுநில முகட்டைப் பார்ப்பார்கள். அங்கே சரியும் புயலின் காற்று மாலையில் ஊருக்குள் இறங்கும்.

ஆண்டுக்கு ஆண்டு இதன் போக்கு மாறும். 2023 பருவத்தில் ஃபீனிக்ஸ் விமான நிலையத்தில் பெய்த மொத்த மழை 0.15 அங்குலம். 2021-இல் டூசானில் அதே பருவத்தில் 12 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. ஆகவே “போன வருஷம் ஒண்ணும் வரலையே” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டு நடக்காதீர்கள். இந்த மண்ணின் டோஹோனோ ஓதாம் மக்களுக்குப் புத்தாண்டே இந்த மழையை ஒட்டித்தான் வருகிறது. சவாரோ கள்ளியின் பழத்தைப் பறிப்பதில் தொடங்குகிறது அது.

வீடு பார்க்கும்போதே கேட்க வேண்டியவை

குளிரூட்டி ஏசியா, ‘ஸ்வாம்ப் கூலரா’ என்று முதலில் கேளுங்கள். ஸ்வாம்ப் கூலர் என்பது நம்மூர் ஏர் கூலரின் பெரிய அண்ணன். கூரை மேல் உட்கார்ந்திருக்கும். ஜூன் வறட்சியில் அருமையாக வேலை செய்யும், கரண்ட் பில்லும் குறைவு. ஜூலையில் காற்றில் ஈரம் ஏறியதும் கையை விரித்துவிடும். சென்னையில் ஏர் கூலர் வாங்கி ஏமாந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வாடகை குறைவு என்று கூலர் மட்டும் உள்ள வீட்டைப் பிடித்தால் ஜூலை, ஆகஸ்டை எப்படிக் கழிப்பது என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். ஃபீனிக்ஸ் நகர விதிப்படி, ஏசி உள்ள வாடகை வீட்டை 82 டிகிரிக்குள்ளும், கூலர் உள்ள வீட்டை 86 டிகிரிக்குள்ளும் வைத்திருக்கும் திறன் அந்தக் கருவிக்கு இருக்க வேண்டும். இது உரிமையாளரின் பொறுப்பு. ஏசி நின்றால் தொலைபேசியில் சொல்வதோடு விடாமல் எழுத்திலும் அனுப்பிவிடுங்கள்.

அடுத்து ஜன்னல். மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல் மலைக் காட்சிக்கு அழகு; மாலை நான்கு மணிக்கு அடுப்பு. வெளிப்பக்கம் வெயில் வலை போட அனுமதி உண்டா என்று கேளுங்கள். உள்ளே திரை போடுவதை விட வெளியே தடுப்பதில்தான் பலன்.

பிறகு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடங்கள். பின்னால் மணல் படுகை ஒன்று போகிறதா? அதை இங்கே ‘வாஷ்’ என்பார்கள். வருடத்தில் பெரும்பாலான நாள் அதில் நாயோடு நடப்பார்கள், குதிரை ஓட்டுவார்கள். மீதி நாளில் அது ஆறு. டூசானின் ரில்லிட்டோவும் சாண்டா குரூஸும் அப்படித்தான். வெள்ள வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. தனி வெள்ளக் காப்பீடு வேண்டும், மத்திய அரசின் திட்டத்தில் எடுத்தால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும். மே மாதமே எடுத்துவிட வேண்டிய காரியம் இது. வாடகைக்கு இருப்பவர்களும் உள்ளே இருக்கும் பொருட்களுக்கு எடுக்கலாம்.

வந்திறங்கிய முதல் இரண்டு வாரம்

மாணவர்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் வாரத்தில் வந்து இறங்குகிறார்கள். வெயிலும் மழையும் ஒன்றாக உச்சத்தில் இருக்கும் நேரம். வந்த மறுநாளே சிம் கார்டு, வங்கிக் கணக்கு, வீடு பார்ப்பது என்று மதியம் ஒரு மணிக்கு நடந்தே அலைவது வழக்கம். வேண்டாம். காலை ஒன்பதுக்குள் அல்லது இருட்டிய பிறகு. உடம்பு இந்த வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும்.

சென்னை வெயிலில் சட்டை நனையும், களைப்பு தெரியும், தண்ணீர் குடிப்போம். இங்கே காற்று அவ்வளவு காய்ந்திருப்பதால் வேர்வை தோலில் நிற்பதே இல்லை, ஆவியாகிப் போய்விடுகிறது. “வேர்க்கவே இல்லையே” என்று நினைத்துக்கொண்டிருப்போம். வேகமாக நடந்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் போயிருக்கும். தாகத்தை நம்பாதீர்கள். சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள், மஞ்சள் கூடினால் நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தாலும் ஆபத்து: ரத்தத்தில் உப்பு குறைந்து மயங்கி விழுகிறவர்களைக் கிராண்ட் கேன்யனில் மீட்புக்குழுவினர் பார்க்கிறார்கள். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, நீர்மோர், ஓஆர்எஸ் எது கைவசமோ அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் நம் பழக்கம் இந்த ஊருக்கு அப்படியே பொருந்தும்.

குடை பிடிக்க வெட்கப்படாதீர்கள். இங்கே யாரும் பிடிப்பதில்லை என்பது ஒரு காரணமல்ல.

வெறுங்காலோடு வெளியே வராதீர்கள். 110 டிகிரி நாளில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 160-ஐத் தாண்டும். சில நொடி பட்டாலே தோல் வெந்துவிடும், கோடையில் இதற்காகவே தீக்காய வார்டில் சேர்கிறவர்கள் உண்டு. கோயிலுக்குப் போனாலும் காரிலேயே செருப்பை விட்டுவிட்டு இறங்கும் பழக்கம் வேண்டாம். நிழலான வாசல் வரை போட்டுக்கொண்டு போய் அங்கே கழற்றுங்கள். தோட்டத்து ஹோஸ் பைப்பில் தேங்கிய தண்ணீரும் கொதிக்கும். குழந்தை மேல் பீய்ச்சுவதற்கு முன் முதல் தண்ணீரைத் தரையில் விட்டுவிடுங்கள். ஜூலையில் குளிர்நீர்க் குழாயைத் திறந்தாலும் வருவது வெந்நீர்தான், கீசருக்கு வேலையே இருக்காது.

வெப்பத் தாக்குதலின் அறிகுறிகளை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள். தசைப்பிடிப்பு, குமட்டல், தலைவலி என்றால் நிழலுக்குப் போய்க் குளிர்ந்து உப்புநீர் குடித்தால் சரியாகலாம். பேச்சு குழறினால், குழப்பமாக நடந்துகொண்டால், நினைவு தப்பினால் அது வேறு கட்டம். உடற்சூடு 104 டிகிரியைத் தொட்டிருக்கும். உடனே 911. ஆம்புலன்ஸ் வரும்வரை ஐஸ், ஈரத்துணி, குழாய்த் தண்ணீர் எதுவானாலும் உடம்பு முழுக்கக் குளிரச் செய்யுங்கள். இது காய்ச்சலல்ல, பாராசிட்டமால் பலிக்காது. மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஃபீனிக்ஸ் தீயணைப்புத் துறையினர் 2024 முதல் நோயாளியை ஐஸ் நிரப்பிய பைக்குள் படுக்கவைத்தே மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். குளிர்விப்பதில் அவ்வளவு அவசரம்.

கார்

பேட்டரி இங்கே இரண்டு மூன்று ஆண்டுதான் தாங்கும். பழைய கார் வாங்கினால் பேட்டரியின் தேதியை முதலில் பாருங்கள், டயரில் வெடிப்பு இருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் வைக்கும் வெயில் மறைப்பு வாங்குங்கள். சீட் பெல்ட்டின் உலோக நாக்கு சுடும் சூடு, ஒருமுறை தொட்டவர்களுக்கு மறக்காது. குழந்தை இருக்கையின் கொக்கி மேல் ஒரு துண்டு போட்டு வையுங்கள். டிக்கியில் ஒரு பெட்டித் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் உதவி வரும்வரை அதுதான் துணை. “ரெண்டே நிமிஷம்” என்று குழந்தையையோ நாயையோ காரில் விட்டுப் போவது இங்கே உயிர்ப் பிரச்சினை, சட்டப் பிரச்சினையும்கூட.

கைபேசியில் வரும் எச்சரிக்கைகள்

வெளிநாட்டுக் கைபேசி கொண்டுவந்தவர்கள் அவசர எச்சரிக்கை அமைப்பு இயங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். ‘வாட்ச்’ என்று வந்தால் வாய்ப்பு இருக்கிறது, திட்டத்தை மாற்றத் தயாராகுங்கள். ‘வார்னிங்’ என்று வந்தால் நடக்கிறது அல்லது நடக்கப்போகிறது, அப்போதே செயல்படுங்கள். வெப்பத்துக்கு ‘ஹீட் ரிஸ்க்’ என்ற வண்ண வரைபடத்தைத் தேசிய வானிலைச் சேவை வெளியிடுகிறது. பச்சையில் தொடங்கிக் கருஞ்சிவப்பு வரை ஐந்து நிலை. சிவப்புக்கு மேல் போனால் வெளி வேலைகளைத் தள்ளி வையுங்கள்.

சாலையில் தண்ணீர்

டூசானில் பல சாலைகள் வாஷ்களைப் பாலமில்லாமல் தாழ்ந்து இறங்கிக் கடக்கும். ஓரத்தில் அடிக்கணக்கு எழுதிய கம்பமும், வெள்ளத்தின்போது நுழையாதே என்ற பலகையும் நிற்கும். காய்ந்த நாளில் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

வெள்ளத்தின் முகப்பு தெளிந்த தண்ணீராக வராது. சாக்லேட் நிற நுரை, அதன் மேல் சுள்ளி, பிளாஸ்டிக் பாட்டில், கள்ளித் துண்டு. மெல்ல ஊர்ந்து வருவது போலத் தோன்றும். அதற்குப் பின்னால் சில நிமிடங்களில் இடுப்பளவு ஓடும். ஆறு அங்குலம் ஓடும் நீர் ஆளைத் தள்ளும். ஓரடி நீர் சிறிய காரை மிதக்கவிடும். இரண்டடி இருந்தால் எஸ்யூவியும் போகும். கலங்கிய தண்ணீரின் அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று மேலிருந்து யாராலும் சொல்ல முடியாது. முன்னால் போன பிக்கப் டிரக் கடந்துவிட்டது என்பது உங்கள் காருக்கு உத்தரவாதமாகாது.

தடுப்பு வைத்த வெள்ளச் சாலையில் நுழைந்து மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை ஓட்டியவர் தலையிலேயே கட்ட 1995-இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஊரார் அதை ‘முட்டாள் ஓட்டுநர் சட்டம்’ என்றே அழைக்கிறார்கள். வேலை, வகுப்பு எல்லாம் அரை மணி காத்திருக்கும். இந்த வெள்ளம் பெரும்பாலும் வந்த வேகத்திலேயே வடிந்துவிடும்.

புழுதிப் புயல்

ஃபீனிக்ஸ் பக்கம் மழைக்கு முன்னால் இது வரும். ‘ஹபூப்’ என்பார்கள். புயல் மேகத்திலிருந்து கீழே விழும் குளிர்காற்று தரையில் மோதிப் பரவி, காய்ந்த வயல்களின் மண்ணை வாரிக்கொண்டு சுவர் போல நகரும். 2011 ஜூலை 5 அன்று ஃபீனிக்ஸை மூடிய சுவர் சுமார் ஒரு மைல் உயரம். ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் இடையே ஐ-10 நெடுஞ்சாலையில் பிக்காச்சோ பக்கம்தான் அதிக அபாயம். அங்கே புழுதியைக் கண்டறிந்து வேக வரம்பைத் தானே குறைக்கும் அமைப்பையே வைத்திருக்கிறார்கள்.

மாட்டிக்கொண்டால் வரிசைப்படி செய்யுங்கள். சாலையை விட்டு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு விலகி நிறுத்துங்கள். எல்லா விளக்கையும் அணையுங்கள், ஹஸார்டு விளக்கு உட்பட. ஹேண்ட் பிரேக் போடுங்கள். பிரேக் மிதியிலிருந்து காலை எடுங்கள். சீட் பெல்ட்டோடு உட்கார்ந்திருங்கள். விளக்கை அணைப்பதுதான் நமக்கு மனசே வராத காரியம். ஆனால் பின்னால் கண் தெரியாமல் வருகிறவர் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து, அதுதான் சாலை என்று நினைத்து நேரே வந்து மோதுவார். பிரேக் விளக்கும் அப்படியே.

மலைக்குப் போகிறவர்கள்

டூசானிலிருந்து ஒரு மணி நேரத்தில் 9,157 அடி உயர மவுண்ட் லெமனுக்கு ஏறிவிடலாம். கீழே கள்ளிக்காடு, மேலே பைன் காடு, இடையில் 20–30 டிகிரி வித்தியாசம். கோடையில் இதை விட நல்ல இடம் இல்லை. ஆனால் விடிகாலையில் ஏறி மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும். ஊரில் எல்லோரும் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மாலையில் மலைக்குப் போவோமே, அந்தக் கணக்கு இங்கே தலைகீழ்.

இடி காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். மூடிய காருக்குள் போய்விடுங்கள். தனி மரத்தடியும், நான்கு தூண் மேல் கூரை போட்ட பிக்னிக் மண்டபமும் பாதுகாப்பல்ல. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள்.

ஓடையில் குளிக்கப் போகிறவர்கள் மேலே, மலையை, பாருங்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று பேஜ் ஊருக்கு அருகே ஆண்டிலோப் கேன்யனில் 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது அங்கிருந்து மைல்கணக்கில் தள்ளி. 2017 ஜூலை 15 அன்று பேசன் ஊர்ப் பக்கம் எலிசன் ஓடையில் ஒரே குடும்பத்தில் 10 பேர் போனார்கள். அங்கே வெள்ளத்தை மோசமாக்கியது, அதற்குச் சற்று முன் மேலே காடு எரிந்த நிலம். தீப்பட்ட மண் தண்ணீரை உறிஞ்சாது. சாம்பலும் கரிக்கட்டையும் பாறையும் சேர்ந்து சேற்றுக்குழம்பாக இறங்கும். காட்டலினா மலையில் 2020-இல் ஒரு லட்சத்து இருபதாயிரம் ஏக்கர் அளவுக்கு எரிந்த பிக்ஹார்ன் தீக்குப் பிறகும் இதே கவலைதான். எங்கே போனாலும் அதற்கு மேலே சமீபத்தில் காட்டுத் தீ பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறம் மாறினால், சுள்ளி மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால் பையை விட்டுவிட்டுக் கரையேறுங்கள், பள்ளத்தாக்கு வழியே ஓடாதீர்கள்.

ஃபீனிக்ஸின் கேமல்பேக் மலை ஊருக்கு நடுவே இருப்பதால் மலை என்றே தோன்றாது. கடும் வெப்ப எச்சரிக்கை உள்ள நாட்களில் அதன் பாதைகளைப் பகலில் மூடிவிடுகிறார்கள். திறந்திருக்கும் நாளிலும் கொண்டுபோன தண்ணீரில் பாதி தீர்ந்ததும் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

கரண்ட் போனால்

மேகம் கறுத்ததும் வெளியே இருக்கும் நிழற்குடை, பிளாஸ்டிக் நாற்காலி, டிராம்போலின் எல்லாவற்றையும் கட்டுங்கள் அல்லது உள்ளே போடுங்கள். புயல் மேகத்திலிருந்து திடீரென்று கீழே அறையும் ‘மைக்ரோபர்ஸ்ட்’ காற்றில் அவை அடுத்த வீட்டுக் கூரையில் இருக்கும். மின்கம்பமும் சாயும். கைபேசியை மாலைக்குள் சார்ஜ் செய்துவிடுங்கள். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள், திரைகளை இழுத்துவிடுங்கள். அறைச்சூடு உடம்புச்சூட்டைத் தாண்டிய பிறகு பேட்டரி விசிறி அனலைத்தான் வீசும். அதற்கு முன்பே கிளம்பி நூலகம், கடை, நண்பர் வீடு என்று போய்விடுங்கள். 211-ஐ அழைத்தால் அருகில் உள்ள குளிர் மையத்தைச் சொல்வார்கள்.

மழைக்குப் பிறகு

கிரியோசோட் புதரின் வாசனை ஊரையே நிறைக்கும், அனுபவியுங்கள். கூடவே தேள், பாம்பு, கொசு எல்லாம் வெளியே வரும். ‘பார்க்’ (மரப்பட்டை) தேள் புறஊதா டார்ச்சில் பச்சையாக மின்னும், குழந்தை உள்ள வீட்டில் அந்த டார்ச் ஒன்று இருக்கட்டும். சோனோரன் பாலைத் தேரையை நாய் நக்கினால் உயிருக்கு ஆபத்து.

புழுதியில் இன்னொன்றும் இருக்கிறது: ‘வேலி ஃபீவர்’ (Valley fever) என்ற நுரையீரல் நோயைத் தரும் பூஞ்சை. சுவாசித்து ஒன்று முதல் மூன்று வாரத்தில் இருமல், காய்ச்சல், வாரக்கணக்கில் நீளும் அசதி வரும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சாதாரண சளி மருந்தில் தீராவிட்டால் அதற்கான ரத்தப் பரிசோதனையை நீங்களே கேளுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் இருமல் தொடர்ந்தால் அங்குள்ள மருத்துவரிடம் அரிசோனாவில் இருந்ததைச் சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரேயில் காசநோய் போலவே தெரியக்கூடிய நோய் இது.

செப்டம்பர் பிறந்ததும் முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். பசிபிக்கில் உருவாகும் புயல்களின் மிச்சம் வருவது அப்போதுதான். 2014 செப்டம்பர் 8 அன்று அப்படி வந்த ஈரம் ஃபீனிக்ஸில் ஒரே நாளில் 3 அங்குலத்துக்கு மேல் கொட்டி ஐ-10-இல் கார்களை மிதக்கவிட்டது. பருவத்தில் பல நகராட்சிகள் மணல் மூட்டை இலவசமாகத் தருகின்றன. வாங்கி வாசலில் அடுக்கியவர்கள் அக்டோபர் பிறந்த பிறகு எடுத்து வையுங்கள்.